சித்திரக் கட்டத்திலிருந்து வெண்திரைக்கு

ஒவ்வொரு காலமும் தனக்கு வேண்டிய வீரனைத் தானே படைத்துக்கொள்கிறது. ஆநிரை மீட்கச் சென்று மாண்டவனுக்குக் கல் நட்டு வழிபட்ட மரபில் வந்தோர் நாம். எனவே வீரம் என்பது வலிமையின் அளவு அன்று, பிறர் பொருட்டு இழக்கத் துணிந்ததன் அளவே அது என்னும் உண்மை நமக்குப் புதிதன்று. இருபதாம் நூற்றாண்டில் அமெரிக்க நாடு படைத்துக்கொண்ட வீரர்களோ கல்லில் நிற்கவில்லை. தெருமுனைக் கடையில் பத்து சென்டுக்கு விற்ற மலிவுத் தாளில் அவர்கள் பிறந்தார்கள். அங்கிருந்து வானொலிக்கும், பிறகு வெண்திரைக்கும் ஏறி, இன்று உலகின் எல்லா ஊர்த் திரையரங்குகளிலும் உலவுகிறார்கள்.

இலக்கிய மலர் ஒன்றில் இவர்களைப் பற்றிப் பேசுதல் தகுமா என்று அன்பர் சிலர் ஐயுறக்கூடும். நம் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அறத்தையும் ஆற்றலையும் பற்றி முதன்முதலாகக் கேட்கும் கதைகள் இன்று பெரும்பாலும் இவையே. பிள்ளைகள் எதை உண்கிறார்கள் என்று பார்ப்பவர்கள், எதைக் காண்கிறார்கள் என்பதையும் பார்க்கத்தான் வேண்டும். தாளில் பிறந்த வீரன் திரைக்கு ஏறியபோது பெற்றது என்ன, இழந்தது என்ன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

எம் முதல் அறிமுகம்

எமக்கு இவ்வுலகம் அறிமுகமானது தமிழ் வழியாகத்தான். 1972ஆம் ஆண்டு சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் என்னும் வெளியீடு தோன்றியது. அதன் முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. ஆங்கில நாட்டின் 'வேலியண்ட்' வார இதழில் வந்துகொண்டிருந்த கதை அது. ஊரிலிருந்து ஜி.டி. எக்ஸ்பிரசில் தில்லிக்கு வந்திறங்கும் உறவினரின் பையில் அப்பளக் கட்டோடும் ஊறுகாய்ச் சாடியோடும் அந்தச் சிறு புத்தகங்களும் இருக்கும். எண்ணெய்க் கறை படிந்த அட்டையோடு அவை எங்கள் குடியிருப்பின் தமிழ் வீடுகளை எல்லாம் சுற்றி வரும்.

அம்மாயாவியின் இயல்பு நோக்கத்தக்கது. விபத்தில் வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்டவன் அவன். மின்சாரம் தாக்கினால் அவன் உடல் மறையும். அந்த எஃகுக் கை மட்டும் மறையாது. மறைவதில் வியப்பு இருந்தது. ஆனால் கதை முழுதும் மறையாத அந்தக் கையில்தான் இருந்தது. அவன் அறைக்குள் நுழைகையில் யாரேனும் திரும்பிப் பார்த்துவிடுவார்களோ என்னும் அச்சமே எங்களை அடுத்த பக்கத்துக்கு இழுத்துச் சென்றது. வல்லமை வாசகனை வியக்க வைக்கும்; வல்லமையின் எல்லையே அவனைக் கதைக்குள் நிறுத்தும். பின்னாளில் தரியாகஞ்ச் நடைபாதையில் ஞாயிறுதோறும் விரிக்கப்பட்ட பழம்புத்தகக் குவியல்களிலிருந்து அமெரிக்கச் சித்திரக்கதைகளைத் தேடி எடுத்துப் படித்தபோதும் இக்கருத்தே எம்மிடம் உறுதிப்பட்டது.

தாவியவன் பறந்த கதை

இவ்வீரர் கூட்டத்தின் மூத்தவன் சூப்பர்மேன். க்ளீவ்லாந்து நகரில் வாழ்ந்த ஜெர்ரி சீகல், ஜோ ஷஸ்டர் என்னும் இரு இளைஞர்கள் அவனைப் படைத்தார்கள். குடியேறி வந்த யூதக் குடும்பங்களின் பிள்ளைகள் அவர்கள். நாடு முழுவதும் வேலையின்றித் தவித்த பொருளாதாரப் பெருமந்தக் காலத்தில் வளர்ந்தவர்கள். 1932இல் சீகலின் தந்தை தம் துணிக்கடையில் நிகழ்ந்த திருட்டின்போது உயிரிழந்தார். குண்டு துளைக்காத மனிதன் ஒருவனை மகன் கற்பனை செய்ததற்கும் அத்துயருக்கும் தொடர்புண்டு என்று ஆய்வாளர் சிலர் கருதுவர்.

1938 ஜூன் எனத் தேதியிட்ட 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழில் வெளிவந்த சூப்பர்மேன் பறக்கவில்லை, தாவினான். ஒரு தாவலில் மைலில் எட்டில் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 200 மீட்டர் கடப்பான். இருபது மாடிக் கட்டடத்தைத் தாண்டுவான். வெடிக்கும் பீரங்கிக் குண்டுக்குக் குறைந்த எதுவும் அவன் தோலைத் துளைக்காது. பீரங்கிக் குண்டு துளைக்கக்கூடும். அவனுடைய வலிமைக்கு அளவு இருந்தது.

அவன் எதிர்த்த தீமைகளுக்கும் அளவு இருந்தது. அவ்விதழில் அவன் உலகத்தைக் காக்கவில்லை. குற்றமற்ற பெண்ணொருத்தியைத் தூக்குமேடைக்கு ஒப்பான மரண தண்டனையிலிருந்து மீட்டான். மனைவியை அடித்த கணவனைத் தண்டித்தான். சட்டமன்ற உறுப்பினரைக் கைக்குள் போட்டுக்கொண்ட தரகனை அச்சுறுத்தினான். மூன்றாம் இதழில், தொழிலாளர் பாதுகாப்பைப் புறக்கணித்த சுரங்க முதலாளியை அவனுடைய விருந்தினரோடு அதே சுரங்கத்துக்குள் சிக்கவைத்தான். பூமிக்கடியில் மூச்சுத் திணறுவது எப்படியிருக்கும் என்று முதலாளிக்குக் கற்பித்தான். 1939 ஜனவரி எனத் தேதியிட்ட எட்டாம் இதழில், சிறுவர்களைக் குற்றவாளிகளாக்கும் சேரிக் குடியிருப்புகளை இடித்துத் தள்ளி, அரசு புதிய வீடுகள் கட்டும்படி செய்தான். இம்முறைகள் எல்லாம் சட்டத்துக்கு உட்பட்டவை அல்ல. ஆயினும் அவ்வேழை இளைஞர்களின் கண் எங்கே பதிந்திருந்தது என்பதை இவை காட்டுகின்றன. பக்கத்து வீட்டில் கேட்கும் அழுகுரலுக்கு ஓடிவரும் வீரனை அவர்கள் வேண்டினார்கள்.

பிற ஊடகங்கள் இவ்வீரனை எடுத்துக்கொண்ட விதம் சுவையானது. 1941இல் ஃப்ளைஷர் கலைக்கூடம் அவனைக் கார்ட்டூன் படமாக்கியது. ஓவியத்தை அசைத்துப் பார்த்தபோது தாவித் தாவிச் செல்லும் மனிதன் நகைப்புக்கு இடமாகத் தோன்றியதால் அவனைப் பறக்கவிட்டார்கள் என்பர். வானொலியோ வேறொன்றைத் தந்தது. 1943இல் வானொலித் தொடரில்தான் 'கிரிப்டனைட்' என்னும் பொருள், அவன் வலிமையை உறிஞ்சிவிடும் அவனுடைய பிறந்த கோளின் கல், முதன்முதலாக வந்தது. சித்திரக்கதை அதை ஏற்றுக்கொண்டது 1949இல். ஆகவே பறத்தல் திரையின் கொடை. தளர்தல் வானொலியின் கொடை. காட்சிக்கு வலிமை வேண்டியிருந்தது, கதைக்குத் தளர்ச்சி வேண்டியிருந்தது என்பதற்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை. அதே வானொலித் தொடர் 1946இல் அவனை, வெள்ளை நிறவெறிக் கூட்டமாகிய கூ க்ளக்ஸ் கிளானை ஒத்த கும்பலுக்கு எதிராக, சீனக் குடும்பம் ஒன்றின் பக்கம் நிறுத்தியது. தழுவல் என்றாலே தாழ்வு என்று கொள்ளலாகாது என்பதற்கும் அது சான்று.

கட்டங்களுக்கு நடுவே உள்ள வெற்றிடம்

சித்திரக்கதையின் இலக்கணம் எளியது. ஒரு கட்டத்தில் ஓங்கிய கை. அடுத்த கட்டத்தில் வீழ்ந்த உடல். இரண்டுக்கும் நடுவே வெள்ளைக் கோடு போன்ற சிறு வெற்றிடம். அடி விழுந்தது அவ்வெற்றிடத்தில்தான். அதை வரைந்தவர் ஓவியர் அல்லர், வாசகரே. எவ்வளவு நேரம் நின்று பார்ப்பது, எப்போது பக்கம் திருப்புவது என்பதும் வாசகரின் உரிமை. திரைப்படத்தில் காலம் இயக்குநரின் கையில் இருக்கிறது. நொடிக்கு 24 சட்டங்கள் ஓடி, இடைவெளி எதுவும் கண்ணுக்குத் தெரியாதபடி நிரப்பிவிடுகின்றன.

ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1962இல் படைத்த ஸ்பைடர்மேன் கதைகளிலிருந்து இரண்டு எடுத்துக்காட்டுகளைக் காண்போம்.

1966 பிப்ரவரி எனத் தேதியிட்ட 33ஆம் இதழில், மலைபோன்ற இயந்திரம் ஒன்றின் அடியில் வீரன் சிக்கிக் கிடக்கிறான். தன்னை வளர்த்த அத்தையின் உயிரைக் காக்கும் மருந்து கைக்கெட்டாத தொலைவில் கிடக்கிறது. நீர் கசிந்து உள்ளே ஏறுகிறது. டிட்கோ இதைப் பல பக்கங்களுக்கு நீட்டினார். முதலில் சிறு சிறு கட்டங்கள். அவன் முயலமுயலக் கட்டங்கள் பெரிதாகின்றன. இறுதியில் ஒரு முழுப் பக்கத்தில் அவன் அச்சுமையைத் தூக்கி எழுகிறான். சுமையின் எடையை ஓவியர் கட்டத்தின் அளவாலேயே உணர்த்திவிட்டார். 2017ஆம் ஆண்டு வந்த 'ஸ்பைடர்மேன்: ஹோம்கமிங்' திரைப்படம் இக்காட்சியை எடுத்தாண்டது. அங்கே கட்டங்கள் இல்லை. ஆனால் இடிபாட்டுக்கு அடியில் கிடக்கும் பதினைந்து வயதுச் சிறுவன் உதவி கேட்டு அலறும் குரல் இருக்கிறது. தாளுக்குக் குரல் இல்லை. பக்கம் தந்த எடையைத் திரை தரவில்லை. திரை தந்த குழந்தைமையைப் பக்கம் தரவில்லை. இது நேர்மையான மாற்று.

மற்றோர் எடுத்துக்காட்டு 1973 ஜூன் எனத் தேதியிட்ட 121ஆம் இதழ். கெர்ரி கான்வே எழுதி, கில் கேன் வரைந்தது. வீரனின் காதலி க்வென் பாலத்தின் உச்சியிலிருந்து தள்ளப்படுகிறாள். அவன் வலைநூலை வீசி அவள் காலைப் பற்றிவிடுகிறான். பிடித்துவிட்டான்! ஆனால் அந்தக் கட்டத்தில் அவள் கழுத்தருகே ஒரு முறிவோசைச் சொல் மிகச் சிறிய எழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது. மேலே இழுத்துப் பார்க்கையில் அவள் உயிரற்றுக் கிடக்கிறாள். வீழ்ச்சியே அவளைக் கொன்றது என்கிறான் பகைவன். காப்பாற்ற வீசிய நூலே கொன்றதோ என்கிறது அச்சிறு சொல். அதைக் கவனியாமல் பக்கம் திருப்பிய வாசகர் பலர் இருப்பர். திரும்பி வந்து கண்டவர் நெஞ்சு திடுக்கிட்டிருக்கும். 2014இல் வந்த 'தி அமேசிங் ஸ்பைடர்மேன் 2' இச்சாவைக் கடிகாரக் கோபுரம் ஒன்றினுள் காட்டியது. வலைநூல் நீண்டு செல்கிறது. ஆயினும் அவள் தலை தரையில் மோதிவிடுகிறது. காட்சி உருக்கமானதே, மறுப்பதற்கில்லை. ஆனால் அங்கே வீரன் நேரம் தவறியவன் மட்டுமே. பக்கத்தில் இருந்த கொடிய ஐயம், தன் வல்லமையே தன் அன்புக்கு நஞ்சாயிற்றோ என்னும் ஐயம், திரையில் மங்கிவிட்டது.

வடிவத்தையே பொருளாகக் கொண்ட படைப்பு ஒன்றுண்டு. ஆலன் மூர் எழுத, டேவ் கிப்பன்ஸ் வரைந்து, 1986–87இல் பன்னிரண்டு பகுதிகளாக வந்த 'வாட்ச்மென்'. பெரும்பாலும் பக்கத்துக்கு ஒன்பது கட்டம் என்னும் ஒழுங்கில் அமைந்தது. அதன் ஐந்தாம் பகுதியின் பக்க அமைப்பு, நடுப்பக்கத்தை ஆடியாகக் கொண்டு முன்பாதியும் பின்பாதியும் ஒன்றையொன்று பிரதிபலிப்பதாக வகுக்கப்பட்டது. முன்னும் பின்னும் புரட்டிப் பார்ப்பவருக்கே அவ்வழகு புலப்படும். 2009இல் சாக் ஸ்னைடர் இதைத் திரைப்படமாக்கியபோது பல கட்டங்களை ஏறத்தாழ அப்படியே திரையில் நிறுத்தினார். படங்கள் வந்துவிட்டன, புரட்டும் விரல் வரவில்லை. வீரர் வழிபாட்டின் இழிவைக் காட்ட எழுந்த கதையில் சண்டைக் காட்சிகள் மெதுவாக ஓடி, கண்ணுக்கு விருந்தாயின. தம் பெயர் அப்படத்தில் வேண்டாம் என்று மூர் மறுத்துவிட்டார்.

திரையின் வெற்றிகள்

இவ்வாறு கூறுவதால் திரைப்படம் என்றுமே தோற்றது என்பது எம் கருத்தன்று. 1978இல் ரிச்சர்ட் டான்னர் இயக்கிய 'சூப்பர்மேன்' படத்தில் கிறிஸ்டோபர் ரீவ் நடித்த ஒரு சிறு காட்சியை எம்மால் மறக்க இயலவில்லை. காதலியின் வீட்டில், அவள் பக்கத்து அறையில் இருக்கும்போது, கூனிய தோளும் தயங்கிய குரலும் உடைய க்ளார்க் கென்ட் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறான். முதுகு நிமிர்கிறது, தோள் விரிகிறது, குரல் ஆழ்கிறது. உடையை மாற்றாமலே மனிதன் மாறிவிடுகிறான். உண்மையைச் சொல்லத் துணிந்து, அடுத்த நொடியே மனம் தளர்ந்து மீண்டும் கூனுகிறான். ஓர் உடலில் இருவரைக் காட்டும் இவ்வித்தை நடிகனுக்கே உரியது.

அதே படத்தில் எம்மை வருத்திய இடமும் உண்டு. வளர்ப்புத் தந்தை மாரடைப்பால் இறக்கிறார். இவ்வளவு வலிமை இருந்தும் அவரைக் காக்க முடியவில்லையே என்று மகன் கலங்குகிறான். படத்தின் நெஞ்சு அங்கேதான் துடிக்கிறது. ஆனால் இறுதியில் காதலி நிலநடுக்கத்தில் மாண்டதும், அவன் உலகைச் சுற்றிச் சுற்றிப் பறந்து காலத்தையே பின்னோக்கித் திருப்பி அவளை மீட்டுவிடுகிறான். சாவுக்கு முன் வீரனும் மனிதனே என்று கற்பித்த கதை, அப்பாடத்தைத் தானே அழித்துவிட்டது.

2004இல் சாம் ரைமி இயக்கிய 'ஸ்பைடர்மேன் 2' இதற்கு மாறானது. கட்டுக்கடங்காது ஓடும் தொடர்வண்டியைத் தன் உடலையே கயிறாக்கி நிறுத்தும் வீரன் மயங்கிச் சாய்கிறான். முகமூடி இல்லை. பயணிகள் அவனைத் தாங்கி, தலைக்குமேல் கைமாற்றி ஏந்திச் சென்று கிடத்துகிறார்கள். இவன் ஒரு சிறுபிள்ளை அல்லவா என்று திகைக்கிறார்கள். காக்கப்பட்டவர் காத்தவனைத் தாங்கும் இக்காட்சியில், அவர்கள் ஒவ்வொருவரின் முகமும் நமக்குத் தெரிகிறது.

ஒரு குழந்தையின் கேள்வி

முகம் தெரிதல் என்பது சிறு செய்தியன்று. 2013இல் வந்த 'மேன் ஆஃப் ஸ்டீல்' படத்தை எம் இல்லத்துத் தொலைக்காட்சியில் பேரனோடு அமர்ந்து கண்டோம். சூப்பர்மேனும் அவன் பகைவனும் மோதுகையில் மெட்ரோபாலிஸ் நகரின் வானளாவிய கட்டடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சரிந்தன. நெடுநேரம் சரிந்துகொண்டேயிருந்தன. பேரன் எம் கையைப் பற்றி, "தாத்தா, அந்த பில்டிங்ல இருந்தவங்கல்லாம் என்ன ஆனாங்க?" என்று கேட்டான். படம் அதற்கு விடை தரவில்லை. நிலநடுக்கம் வந்தால் மேசைக்கு அடியில் ஒதுங்கி, அதிர்வு நின்றபின் திறந்த வெளிக்குச் செல்ல வேண்டும் என்று பள்ளியிலே பயிற்சி பெறும் தில்லிக் குழந்தை அவன். கட்டடம் என்றால் அதனுள் ஆள் இருக்கும் என்பது அவனுக்குத் தெரியும். கோடிக்கணக்கில் செலவிட்டுக் கணிப்பொறியால் அக்கட்டடங்களை இடித்தவர்களுக்கு அது தோன்றாமற் போனது எங்ஙனம்?

அவர்களுக்கும் பின்னர்த் தோன்றிற்று. 2016இல் வந்த அடுத்த படம், அதே அழிவைத் தெருவில் நிற்கும் மனிதன் ஒருவனின் கண்ணால் காட்டித் தொடங்கியது. தாயை இழந்த சிறுமி ஒருத்தியின் முகம் அங்கே தெரிந்தது. ஆயினும் அப்படமும் இறுதியில் பேருருவங்களின் பெரும்போரிலேயே சென்று முடிந்தது.

சுரங்கத் தொழிலாளிக்காகச் சீறிய வீரன், எழுபத்தைந்து ஆண்டுகளில், தன் சண்டையில் நசுங்குவோர் எவர் என்று நோக்காதவனாக எப்படி மாறினான்? உலகளாவிய வணிகத்துக்கு உலகளாவிய ஆபத்து வேண்டியிருக்கிறது. மனைவியை அடிக்கும் கணவனைக் காட்டினால் அவன் யாரோ ஒருவரின் அண்டை வீட்டான் ஆகிவிடுவான். விண்ணிலிருந்து வரும் பகைவன் எவருக்கும் அண்டை வீட்டான் அல்லன்; ஆகவே எவரும் வருந்தார். தீமை பெரிதாகப் பெரிதாக அது நமக்குத் தொலைவாகிறது. தொலைவான தீமையைக் கண்டு கைதட்டுவது எளிது.

படைத்தவர்க்கு நேர்ந்தது

இவ்விடத்து மற்றோர் உண்மையையும் கூறாது விடலாகாது. சீகலும் ஷஸ்டரும் 1938இல் சூப்பர்மேனின் முழு உரிமையையும் பதிப்பகத்துக்கு விற்றுப் பெற்ற தொகை 130 டாலர். பதின்மூன்று பக்கத்துக்குப் பக்கம் பத்து டாலர் வீதம். உரிமை கேட்டு அவர்கள் வழக்குத் தொடுத்த பின்னர், அவர்களுடைய பெயர்களும் கதையிலிருந்து நீக்கப்பட்டன. ஷஸ்டர் கண்பார்வை மங்கி வறுமையில் வாழ்ந்தார். பெரும் பொருட்செலவில் திரைப்படம் உருவாகிக்கொண்டிருந்த 1975ஆம் ஆண்டில் சீகல் பத்திரிகைகளுக்குத் தம் நிலையை எழுதி முறையிட்டார். சக ஓவியர்கள் துணை நின்றார்கள். அவ்வாண்டின் இறுதியில்தான் இருவருக்கும் ஆண்டுக்கு 20,000 டாலர் உதவித்தொகையும், படைத்தவர் என்னும் பெயர் உரிமையும் கிடைத்தன. 1978ஆம் ஆண்டுப் படத்தில் அவர்கள் பெயர் வந்தது.

முதலாளியைச் சுரங்கத்துக்குள் சிக்கவைத்த வீரன், தன்னைப் படைத்தவர்களின் கதவைத் தட்டி ஒருமுறையும் வரவில்லை. வந்தவர்கள் வலிமை எதுவும் இல்லாத ஓவியர்களும் இதழாளர்களுமே. எளியவர் சிலர் ஒன்றுகூடி எழுப்பிய குரலால் பெற்ற நீதி அது. அதிமானுடன் எவனும் செய்யாததை மானுடர் செய்தனர் என்பதை, இக்கதைகளை நம் பிள்ளைகளுக்குத் தரும்போது நாம் சேர்த்தே சொல்லுதல் வேண்டும்.

நிறைவாக

அப்படியாயின் இக்கதைகளை விலக்கிவிடலாமா? விலக்குதல் இயலாது, விலக்கத் தேவையும் இல்லை. மேலே கண்டவற்றிலிருந்து ஓர் உரைகல் நமக்குக் கிடைக்கிறது. வீரனால் இயலாதது எது என்று அக்கதைக்குத் தெரிந்திருக்கிறதா? அவன் காப்பவர்களின் முகத்தை நாம் காண்கிறோமா? இவ்விரு வினாக்களுக்கும் விடை தரும் படைப்பு, தாளில் இருந்தாலும் திரையில் இருந்தாலும், நல்ல படைப்பே. விடை தாராதது எத்துணை ஒளியோடும் ஒலியோடும் வந்தாலும் வெறும் வேடிக்கையே.

அன்பர்கள் தம் இல்லத்துச் சிறுவரோடு இப்படங்களைக் காணும்போது, மூலச் சித்திரக்கதையையும் தேடி அருகே வைத்துக்கொள்ளுமாறு வேண்டுகிறோம். பக்கத்தை மெல்லப் புரட்டட்டும். இரண்டு கட்டங்களுக்கு நடுவே என்ன நடந்திருக்கும் என்று பிள்ளைகளையே சொல்லச் சொல்லுங்கள். அவ்வெற்றிடத்தை நிரப்பப் பழகிய குழந்தை, இடிந்து விழும் கட்டடத்தைக் கண்டால் உள்ளே இருப்பவர் யார் என்று தானே கேட்கும். அக்கேள்வியைக் கேட்கும் உள்ளம்தான் வீரத்தின் விளைநிலம் என்பது எம் துணிபு.